உப்பிப்போன கதவுக்கு அந்தப் பக்கம்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட எனக்கு அது கொஞ்சம் கௌரவம். ஒரு மே மாதம், பூனாவில், ஒரு ஏர் கூலரை வாங்கிப் படுக்கையறையில் வைத்து, இரண்டு சன்னல்களையும் சாத்தி, இடுக்குகளில் பழுப்பு டேப் ஒட்டி, கதவைச் சுற்றிலும் பழைய செய்தித்தாளை மடித்துச் செருகி, உள்ளே பத்து நாள் கிடந்தவன் நான். குளிர் வெளியே போய்விடக் கூடாது என்பது திட்டம். மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் முதல் வகுப்பு என்பதையும் சொல்லிவிட்டால் வாக்குமூலம் முழுமையாகிவிடும்.

என் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் ஊரில் யாரும் கூலர் வாங்குவதில்லை. காற்றே குளித்துவிட்டுத் துவட்டாமல் வருகிற ஊரில் அது என்ன செய்யும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏ.சி. ஒன்றுதான். ஏ.சி. போட்டால் கதவைச் சாத்த வேண்டும். கூலர் என்பது ஏ.சி.யின் வசதி குறைந்த தம்பி என்று நினைத்துவிட்டேன்.

மனைவியும் பிள்ளைகளும் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். ஆபீஸ் வேலையும் அந்த அறையிலேயே. முதல் அரை மணி நேரம் ஜில்லென்று இருக்கும். பிறகு தலையணை நனைந்த ரொட்டி மாதிரி ஆகிவிடும். அப்பளம் எலும்பில்லாமல் தொங்கியது. துண்டு காயவே இல்லை. கூலரில் ஐஸ் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஐஸ் கொட்டினேன். நாலாம் நாள், மனைவி போனில் கேட்டபோது, "அப்படியே நம்ம ஊரு மாதிரி இருக்குட்டி" என்று பெருமையாகச் சொன்னேன். உண்மைதான். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, காய்ந்த காற்று வீசும் பூனாவின் ஔந்த் பகுதியில், பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு தூத்துக்குடியைக் கட்டி, அதற்குள் என்னை நானே பூட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் இது என்னைப் பற்றிய கட்டுரை இல்லை. எதிர் வீட்டில் இருந்தவரைப் பற்றியது. பெயரை எழுதப் போவதில்லை. அவர் இப்போது பூனாவில் இல்லை என்றாலும், எழுதினால் "எதுக்கு சார் அதெல்லாம்" என்று ஒருமுறை கேட்பார். ஒருமுறைதான் கேட்பார். அவரைப் பற்றி எழுதத் தோன்றுவதே அதனால்தான்.

பூனாவை ஒட்டிய தேஹு ரோடில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து அங்கே படைக்கலக் கிடங்கில் வேலைக்கு வந்தவர். மகனும் அதே கிடங்கில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்று, ஔந்த்தில் எங்கள் எதிரே ஃப்ளாட் வாங்கி வந்தார். வேலூர்த் தமிழும் கன்டோன்மென்ட் இந்தியும் கலந்து பேசுவார். நான் "அண்ணாச்சி" என்பேன். ஏதோ மளிகைக்கடை முதலாளியைக் கூப்பிடுவது போலிருக்கிறது என்று முதலில் சிரித்தார். அப்புறம் பழகிக்கொண்டார். எதையும் பழகிக்கொள்வார்.

அவர் எதையும் பலவந்தமாகச் செய்ய மாட்டார். கேட்கச் சாதாரணமாக இருக்கும். பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் அதன் வீரியம் தெரியும்.

ஒருநாள் என் மனைவி கொடுத்தனுப்பிய ஊறுகாய் பாட்டிலின் மூடி இறுகிக்கொண்டது. நானாக இருந்தால் துணி, கத்தி, கதவிடுக்கு, கெட்ட வார்த்தை என்ற வரிசையில் போயிருப்பேன். அவர் பாட்டிலைச் சன்னலோரம் வெயில் படும் இடத்தில் வைத்துவிட்டு மோர்ச் சோறு சாப்பிட்டார். மூன்று நாள் ஊறுகாய் இல்லாமல் சாப்பிட்டார். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டு, இரண்டு விரலால் மூடியைத் திருகிக் காட்டினார். "பாத்தீங்களா, தானா வந்துடிச்சி." பிரசவம் பார்த்த முகம்.

இன்னொரு முறை லிஃப்டில் மாட்டிக்கொண்டார். மின்சாரம் போய், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே ஐம்பது நிமிடம். உள்ளே அலாரம் பொத்தான் இருக்கிறது. கதவைத் தட்டலாம், கத்தலாம். ஒன்றும் செய்யவில்லை. காய்கறிப் பையைக் கீழே வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டாணி உரித்துக்கொண்டிருந்திருக்கிறார். லிஃப்ட் கீழே வந்து கதவு திறந்தபோது வாட்ச்மேன் பயந்துபோனான். தரையில் ஒரு மனிதர், மடியில் ஒரு கிலோ பட்டாணி.

"ஏன் அண்ணாச்சி சத்தம் போடல?"

"போட்டா கரண்ட் ஜல்தி வருமா?"

அவர் வேலை பார்த்த இடத்தின் பழக்கம் அது. ஒருமுறை அவரே சொன்னார். "எங்க டிப்போல ஒரு பொட்டி மூடி இறுகிக்கினா சுத்தியல எடுக்கக்கூடாது சார். எடுத்தவன் கதைய சொல்றதுக்கு எடுத்தவன் இருக்க மாட்டான். மூடிய நீ தொறக்கக்கூடாது, அதுவா தொறக்கற வரைக்கும் குந்தியிருக்கணும். அதான் டிரெய்னிங்கு." முப்பத்திநாலு வருடம் அப்படிக் குந்தியிருந்தவருக்கு வீட்டிலிருக்கும் எல்லாப் பொருளும் வெடிகுண்டாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

காத்திருக்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் கட்டடமே அவரைத்தான் கூப்பிடும். பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நாலு மணிக்கு வரும் பிளம்பர், எப்போது வருமென்று கடவுளுக்கே தெரியாத கேஸ் சிலிண்டர், எல்லாவற்றுக்கும் அவர்தான். ஏழு வீட்டுச் சாவிகள் அவர் வீட்டு ஆணியில் தொங்கின. என் மகன் கை ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் நடந்த நடையில் நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டாள். அவர் பெஞ்சில் ஆறு மணி நேரம் அசையாமல் இருந்தார். மனைவி இன்றும் சொல்வாள்: "அவுக அங்கன உக்காந்திருந்ததே தெம்பா இருந்துச்சு. நீங்க கூட இருந்ததுதான் இம்சை."

கூலர் வந்த அன்றும் எட்டிப் பார்த்தார். நான் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"இதுக்கு சன்னல தொறந்து வெக்கணும் சார்."

"குளிர் போயிருமே அண்ணாச்சி."

ஒரு நிமிடம் நின்றார். "சரி" என்று போய்விட்டார். அடுத்த பத்து நாளில் நான்கைந்து முறை வந்தார், என் வீங்கிய முகத்தைப் பார்த்தார், டீ குடித்தார். மறுபடி சொல்லவே இல்லை.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரை மணிக்கு எழுந்து கதவை இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். கைப்பிடி மட்டும் வந்தது.

பத்து நாள் ஈரத்தைக் குடித்துக் கதவு உப்பியிருந்தது. நான் செருகிய காகிதங்களும் ஊறிப் பருத்து ஆப்பு மாதிரி இறுகியிருந்தன. அது உள்பக்கமாகத் திறக்கும் கதவு. வெளியே இருப்பவர் தள்ளலாம், உதைக்கலாம். உள்ளே இருப்பவனுக்கு இழுக்க மட்டும்தான் முடியும். அதற்கும் கைப்பிடி வேண்டும். சன்னலுக்குக் கம்பி. இருப்பது நாலாவது மாடி. அந்த அறையில் கழிவறை கிடையாது. கடைசித் தகவலின் முக்கியத்துவம் எனக்கு ஒன்பது மணிக்குப் புரிய ஆரம்பித்தது.

யாரைக் கூப்பிடுவது? கட்டடத்தின் வாட்ஸாப் குழுவில் போட்டால் எல்லாரும் ஓடி வருவார்கள். ஓடி வந்து போட்டோ எடுப்பார்கள். அவருக்கு போன் செய்தேன்.

ஆணியிலிருந்து என் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். கூடத்தில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. இடிந்து விழும் வீட்டிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார்.

"இன்னா சார், மாட்டிக்கினீங்களா?"

"ஒரு உதை விடுங்க அண்ணாச்சி. திறந்துரும்."

"சே சே. உதைச்சா நெலை பேந்துக்கும். வாடகை வூடு." விரல் முட்டியால் கதவை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டு வந்தார், டாக்டர் மாதிரி. "நல்லா குடிச்சிருக்குது. காஞ்சா தானா வுட்டுடும். மொதல்ல கூலர்ல தண்ணி ஏத்தற பம்ப ஆஃப் பண்ணுங்க."

பிறகு அந்த வகுப்பு நடந்தது. மெக்கானிக்கல் முதல் வகுப்பு, லுங்கியும் பனியனுமாக, மூடிய கதவைப் பார்த்து நின்று கேட்டுக்கொண்டேன்.

"இது குளிர உண்டாக்கற மிஷினு இல்ல சார். தண்ணி காயறப்ப காத்துல கீற சூட்ட எடுத்துக்கும், அவ்ளோதான். ஈரத்துணி பக்கத்துல நின்னா ஜில்லுனு இருக்குதில்ல? அதுக்குப் பின்னாடி ஒரு ஃபேன் வெச்சிருக்கான். காஞ்ச காத்து உள்ள வரணும். ஈரக்காத்து வெளிய போவணும். நீங்க போற வழிய அடைச்சிட்டீங்க. ஒரு அளவுக்கு மேல காத்து தண்ணிய வாங்காது. அப்புறம் தண்ணி எங்க போவும்? உங்க மேலயும் கதவு மேலயும்தான் குந்தும்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. ஒருதரம்."

அவர் சொன்னபடி டேப்பையெல்லாம் கிழித்து இரண்டு சன்னல்களையும் திறந்தேன். பத்து நாள் கழித்துப் பூனாவின் மே மாதக் காற்று உள்ளே வந்தது. சூடாக, காய்ந்து, முறுக்கு வாசனையோடு. ஒரு சன்னலுக்கு முதுகு காட்டிக் கூலரை வைத்து, பம்ப் இல்லாமல் ஃபேனை மட்டும் கதவைப் பார்த்து ஓடவிட்டேன். முதல் ஒரு மணி நேரம் கூலரின் நார்ப் பட்டையில் ஊறிய ஈரம்தான் வரும், அது காய்ந்தபிறகுதான் கதவு காய ஆரம்பிக்கும் என்றார். கத்தரிக்கோலால் நோண்டிக் காகிதங்களை ஒவ்வொன்றாக இழுக்கச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் கூடத்தில் நாற்காலி இழுபட்டது.

"நாலு மணி நேரம் ஆவும். நான் இங்கயே கீறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அண்ணாச்சி, நீங்க இன்னிக்கு ஸ்டேஷனுக்குப் போகணும்லா?"

முந்தின நாள் மாலை தன் போனை என்னிடம் நீட்டியிருந்தார். மகள் அனுப்பிய செய்தி. மும்பையில் வேலை பார்க்கும் ஒரே மகள். நாலு வருடமாகப் பேச்சு கிடையாது. ஏன் என்று அவர் சொன்னதில்லை. அவர் மனைவி இறந்ததிலிருந்து என்று மட்டும் தெரியும். செய்தியில் மூன்றே வரி. ஞாயிற்றுக்கிழமை வண்டியில் சென்னை போகிறேன், அடுத்த மாதம் அங்கிருந்து கனடா. புனேயில் ஒன்று ஐம்பதுக்கு வரும், அஞ்சு நிமிஷம் நிற்கும், பி-நாலு பெட்டி. வர்றதா இருந்தா வாங்க.

"இது கூப்புடறதா சார், இல்ல சும்மா சொல்றதா?" என்று கேட்டார். கூப்பிடுவதுதான் என்றேன். அந்தச் செய்தியை அதற்குள் எத்தனை முறை படித்திருந்தாரோ, பி-நாலு என்பதைக் கையில் பேனாவால் வேறு எழுதி வைத்திருந்தார்.

"நேரம் கெடக்குது சார்" என்றது கதவின் அந்தப் பக்கம். "மணி ஒம்போதரதான்."

பத்தரைக்குப் பசித்தது. கதவுக்கு அடியில் நுழையக்கூடிய உணவு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். சப்பாத்தியில் சர்க்கரை தூவி, செய்தித்தாளில் வைத்துத் தள்ளினார். இரண்டு வந்தன. மூன்றாவது மடிந்து பாதியில் சிக்கியது. அதையும் அவர் இழுக்கவில்லை, நானும் இழுக்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். தண்ணீர் என்ற சொல்லையே எடுக்க வேண்டாம் என்றேன். பதினோரு மணிக்குக் கூலரின் காலித் தொட்டியை ஒருமுறை பார்த்தேன். அதைப் பற்றி மேற்கொண்டு எழுத மாட்டேன்.

கதவு காய்கிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. ஒரு தாளை நிலைக்கும் கதவுக்கும் நடுவே விட்டு நகர்த்துவது. தாள் போகும் இடமெல்லாம் கதவு விட்டுவிட்டது என்று பொருள். பதினொன்றரைக்கு மேல்பக்கம் போனது. பன்னிரண்டுக்குப் பக்கவாட்டில் முக்கால் பங்கு போனது. கீழ் மூலையில் ஒரு சாண் மட்டும் நின்றது.

"இப்ப ஒரு தள்ளு தள்ளுங்க அண்ணாச்சி, வந்துரும்."

"இன்னும் கொஞ்சம். பெயின்ட் பேந்துக்கும்."

"பெயின்ட்டு கெடக்கு. நீங்க கெளம்புங்க. நான் செத்த நேரம் உள்ள இருந்தா செத்தா போயிருவேன்?"

"உங்கள வுட்டுட்டு எப்டி போறது?"

"தச்சரைக் கூப்பிடுதேன்."

"உளி வெப்பான் சார். கதவே போயிடும்."

வாட்ச்மேனுக்கு போன் செய்தேன். "அங்கிள் ஹை நா உதர்?" என்றான். இருக்கிறார் என்றேன். அப்புறம் என்ன என்கிற மாதிரி வைத்துவிட்டான். அங்கிள் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தக் கட்டடத்தில் எல்லாருமே நம்பினோம்.

பன்னிரண்டே கால். ரயில் எங்கே வருகிறது என்று போனில் பார்த்தேன். நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. இந்திய ரயில் அன்றைக்கென்று நேரத்துக்கு வந்தது.

"அண்ணாச்சி, வண்டி லோனாவ்லா வரப்போவுது. அங்கேருந்து ஒரு மணி நேரந்தான்."

நாற்காலி கிறீச்சிட்டது. அப்புறம் பேச ஆரம்பித்தார். என்னிடம் இல்லை, கதவிடம். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

"அன்னிக்கும் ஞாயித்துக்கெழமதான் சார். காலீல எழுந்ததும் எங்க வூட்டம்மா நெஞ்சு எரியுதுன்னா. கேஸுன்னா. டாக்டர்கிட்ட போலாமான்னேன். வேணான்னா. ஜீரகத் தண்ணி வெச்சிக் குடுத்தேன். பொண்ணு மும்பைலேர்ந்து போன் மேல போன். தூக்கினு போப்பா, தூக்கினு போப்பான்றா. அவ வேணாங்கறப்ப எப்டி இழுத்துக்கினு போறதுன்னேன். காலீலேர்ந்து சாய்ங்காலம் வரிக்கும் பக்கத்துலயே குந்திக்கினு இருந்தேன் சார். கைய வுடல. ஒரு செகண்டு எழுந்துக்கல."

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கதவிலிருந்து ஈரம் போய்க்கொண்டிருந்தது.

"சரியாயிடும்னுதான் நெனச்சேன்" என்றார். "பொண்ணு வந்தா. பாத்தா. ஒண்ணே ஒண்ணு கேட்டா, நீ இன்னாப்பா பண்ணினு இருந்தேன்னு. அதுக்கு இன்னா சார் பதில் சொல்றது? குந்திக்கினு இருந்தேன்னா?"

தாளை எடுத்துக் கீழ் மூலையில் விட்டுப் பார்த்தேன். முக்கால் பங்கு போனது. விரல் அகலத்துக்கு மட்டும் ஒரு பிடிப்பு. ஒரு குழந்தை ஓடிவந்து மோதினால் திறந்துவிடும். வெளியிலிருந்து அவரும் தாளை விட்டுப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார். அவருக்கும் தெரியும். அங்கே நின்றபடி எனக்குச் சன்னமாக ஒரு பயம் வந்தது. இந்த மனிதர் என் கதவு காய்வதற்காகக் காத்திருக்கவில்லை. வண்டி போவதற்காகக் காத்திருக்கிறார். நாளைக்கு யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் கிடைத்திருக்கிறது: எதிர் வீட்டு சார் உள்ளே மாட்டிக்கொண்டார், விட்டுவிட்டுப் போக முடியவில்லை. யாரும் குறை சொல்ல முடியாத பதில். நாலு வருடமாகப் போவதற்கு வழியில்லாமல் அந்த வீட்டுக்குள் அடைந்திருந்தவருக்கு, போகாமல் இருக்க நான் ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறேன், டேப் ஒட்டி.

மணி பன்னிரண்டு நாற்பது. ஔந்த்திலிருந்து ஸ்டேஷனுக்கு, ஞாயிற்றுக்கிழமை என்றாலும், முக்கால் மணி நேரம்.

கெஞ்சினேன். கத்தினேன். கைப்பிடி இருந்த ஓட்டையில் விரலை விட்டு இழுத்து நகத்தைப் பெயர்த்துக்கொண்டேன். "இன்னும் ஒரு பத்து நிமிஷம் சார்" என்றார். பத்து நிமிஷம் கழித்தும் அதையே சொன்னார்.

அப்போது நான் ஒன்று சொன்னேன். என் வாழ்க்கையில் சொன்ன ஆயிரம் அசட்டுப் பேச்சுகளில் எதற்கும் நான் வருந்தியதில்லை. இதற்கு வருந்தியிருக்கிறேன்.

"அண்ணி பக்கத்துல உக்காந்திருந்த மாதிரியே என் கதவுப் பக்கத்துலயும் உக்காருங்க அண்ணாச்சி. சாயங்காலம் வரை உக்காருங்க. நல்லா உக்காருவீங்க நீங்க."

நாற்காலி பின்னால் நகர்ந்தது. காலடிகள் தூரமாகப் போயின. போய்விட்டார், கோபித்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார், சாவியையும் கொண்டு போய்விட்டார் என்று நினைத்துக் கதவில் காதை வைத்தேன்.

அந்த நொடியில்தான் உதைத்தார்.

அறுபத்து மூன்று வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை உதைக்கிறவருக்கு அளவு தெரியாது. தேவைப்பட்டதைப் போல எட்டு மடங்கு உதைத்தார். கதவு என் நெற்றியை அடித்துவிட்டுச் சுவரில் போய் மோதியது. நான் கூலர் மேல் விழுந்தேன். கூலர் சக்கரத்தில் உருண்டு போய்ச் சன்னலில் இடித்து நின்றது. நிலையின் ஒரு சிராய் கூடத்தில் கிடந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அவர் நின்றார், ஒரு கால் இன்னும் அரைகுறையாக உயர்ந்தபடி. முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார்.

"பெயின்ட் போச்சி" என்றார்.

"மயிரே போச்சு. செருப்பப் போடுங்க."

எனக்கு மட்டும் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டேன், கழிவறையில். அந்த நிமிடத்துக்கு நான் இன்றுவரை வருந்தவில்லை. பேன்ட் போட அடுத்த நிமிடம் இல்லை. லுங்கி, பனியன், நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு, அதன் மேல் ஹெல்மெட். பைக்கில் எனக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் அவர். யுனிவர்சிட்டி சர்க்கிளில் நெரிசல். பக்கத்து ஸ்கூட்டர்க்காரன் என்னை மேலும் கீழும் பார்த்து, "காய் ஜாலே காகா?" என்று கேட்டான். என்ன ஆச்சு என்று மராத்தியில் சொல்லும் அளவுக்கு எனக்கு மராத்தியும் தெரியாது, என்ன ஆச்சு என்றும் தெரியாது. சிவாஜி நகரைத் தாண்டினோம். அவர் என் தோளில் கையை வைத்தார்.

"ஜல்தி போங்க சார்" என்றார்.

ஒருவரை அவசரப்படுத்த அவர் வாயில் அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் முறை.

நாங்கள் படியிறங்கி நடைமேடைக்கு வந்தபோது வண்டி வந்து நின்று மூன்று நிமிடம் ஆகியிருந்தது. பி-நாலு எங்கேயோ தள்ளி. லுங்கியைத் தூக்கிப் பிடித்து நான் ஓட, கூட்டம் வழி விட்டது. லுங்கியில் ஓடுகிறவனுக்கு எந்த ஊரிலும் வழி விடுவார்கள். பெட்டியின் வாசலில் ஒரு பெண், முப்பது இருக்கும், கம்பியைப் பிடித்தபடி, நாங்கள் வரும் திசைக்கு எதிர்த் திசையில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய அதே நீண்ட மூக்கு. திரும்பினாள்.

அவர் நின்றுவிட்டார். வாசலுக்கு நாலு அடி இந்தப் பக்கம். அவள் அங்கே, இவர் இங்கே. அவளும் இறங்கவில்லை. நாலு வருடமாக இரண்டு பேரும் எப்படி இருந்திருப்பார்கள் என்று எனக்கு அப்போது ரொம்ப நன்றாகத் தெரிந்தது. சமோசா விற்பவன் நடுவே புகுந்து போனான். கடிகாரத்தில் ஒரு நிமிடம் விழுந்தது.

எனக்குத் தாங்கவில்லை. இடையில் போய் விழுந்தேன். படிக்கு அருகில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்பா மேல தப்பே இல்லம்மா. எல்லாம் என்னாலதான். நான் எதிர் வீடு. கூலர் வாங்குனேன், சன்னலைச் சாத்திட்டேன், அதுக்கு சன்னலைத் திறந்து வைக்கணும்னு எனக்குத் தெரியாது, கதவு ஊறி உப்பிருச்சு, காலையில எட்டரையிலிருந்து உள்ள மாட்டிக்கிட்டேன், அப்பா சப்பாத்தியெல்லாம் கொடுத்தாரு, கடைசியில அவரே உதைச்சுத் தொறந்தாரும்மா, ஒரே உதை, இங்க பாரு" என்று ஹெல்மெட்டைக் கழற்றிப் புடைப்பைக் காட்டினேன்.

அவள் புடைப்பைப் பார்த்தாள். லுங்கியைப் பார்த்தாள். பிறகு என் தலைக்கு மேலாகப் பின்னால் பார்த்தாள். விசில் ஊதினார்கள். நான் இன்னும் பேசிக்கொண்டே இருந்தேன். ஈரக்காத்து வெளியே போக வேண்டும் என்பது வரைக்கும் வந்துவிட்டேன். என் தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. இஸ்திரி போட்ட ஒரு வெள்ளைக் கை, பி-நாலு என்று பேனாவில் எழுதிய கை, என்னைத் தாண்டிக் கம்பியைத் தேடியது.

அவள் என்னிடம் சொன்னாள்:

"தள்ளுங்க, அப்பா ஏறணும்."